மருந்துப் பட்டியலைக் காப்பீட்டு நிறுவனங்கள் படிக்கும் விதம்: மெடிகேப் மறுக்கப்பட்ட பிறகு என்ன செய்வது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி. அப்பாவுக்கு 69 வயது. டெக்சாஸில் உங்களோடு இருக்கிறார். 65 வயதில், அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேரைத் தனியார் நிறுவனம் வழியாகப் பெறும் மெடிகேர் அட்வாண்டேஜ் திட்டத்தில் சேர்ந்தார். இப்போது அவர் பார்க்க விரும்பும் மருத்துவர் அந்தத் திட்டத்தின் பட்டியலில் இல்லை. அதனால் அரசே நேரடியாக நடத்தும் அசல் மெடிகேருக்குத் திரும்ப நினைத்து, அது தராத செலவுப் பங்கை ஈடுகட்டும் தனியார் துணைக் காப்பீடான மெடிகேப்பில் பிளான் ஜி என்ற வகையை வாங்க ஒரு நிறுவனத்தில் விண்ணப்பித்தீர்கள். 'மருந்து வரலாற்றின் அடிப்படையில்' மறுத்துக் கடிதம் வந்துவிட்டது. அவர் சாப்பிடுபவை மெட்ஃபார்மின், ரத்த அழுத்தத்துக்கு லோசார்டனும் அம்லோடிபினும், கால் வீக்கத்துக்கு ஃபியூரோசமைடு. போன ஆண்டு அக்கி வந்து ஆறிய பிறகும் விடாத வலிக்குச் சில மாதங்கள் கபாபென்டின் சாப்பிட்டார். 'இவ்வளவுதான், இதற்கே மறுப்பா? இனி எந்த நிறுவனமும் எடுக்காதா?' என்று கேட்டிருக்கிறீர்கள்.

எடுக்கும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது என்பது என் கணிப்பு. 12 ஆண்டுகளாக வார இறுதிகளில் முதியவர்களுக்கு மெடிகேர் ஆலோசனை சொல்லும் தன்னார்வலராக இருக்கிறேன். இப்படிப்பட்ட கடிதங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உங்கள் அப்பாவை நேரில் பார்த்து யாரும் மறுக்கவில்லை. ஒரு பட்டியலைப் படித்து மறுத்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் மருந்தின் பெயர், அளவு, வாங்கிய தேதி, எழுதிக்கொடுத்த மருத்துவர், அவருடைய துறை எல்லாம் இருக்கும். எதற்காக எழுதினார் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. காரணம் இல்லாத இடத்தை நிறுவனம் தன் ஊகத்தால் நிரப்பிக்கொள்கிறது, அந்த ஊகம் எப்போதும் மோசமான பக்கமே சாயும்.

அப்பாவின் பட்டியலை அவர்கள் கண்ணால் படித்துப் பாருங்கள். மெட்ஃபார்மின் என்றால் சர்க்கரை. அதுமட்டும் இருந்தால் பெரும்பாலான நிறுவனங்கள் கவலைப்படுவதில்லை. பக்கத்தில் கபாபென்டின் வந்தவுடன் கதை மாறுகிறது: 'சர்க்கரை முற்றி நரம்பைப் பாதித்துவிட்டது, பாத எரிச்சலுக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்' என்று படிப்பார்கள். பல விண்ணப்பங்களில் 'சர்க்கரை நோயால் நரம்பு, கண், சிறுநீரகம் ஆகியவற்றில் பாதிப்பு உண்டா?' என்று ஒரு கேள்வி இருக்கும். அதற்கு ஆம் என்றால் கதவு சாத்தப்பட்டது. அடுத்தது ஃபியூரோசமைடு. நீர் பிரிவதற்கான இந்த மாத்திரையை இதயச் செயலிழப்பு உள்ளவர்களுக்கு வழக்கமாகக் கொடுப்பார்கள். ஆகவே சர்க்கரை, ரத்த அழுத்தம், ஃபியூரோசமைடு மூன்றும் ஒரே தாளில் நின்றால், படிப்பவர் மனத்தில் வீங்கிய இதயமுள்ள ஒரு நோயாளி தோன்றிவிடுகிறார்.

உண்மையில் நடந்தது வேறாக இருக்கலாம். அம்லோடிபினுக்குக் கணுக்காலை வீங்கவைக்கும் பக்கவிளைவு உண்டு. வீக்கத்தைப் பார்த்த மருத்துவர் நீர் மாத்திரை எழுதியிருப்பார். ஒரு மருந்தின் விளைவுக்கு இன்னொரு மருந்து. இது அடிக்கடி நடக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மாவின் வீட்டுச் சமையலறை மேசையில் இதைக் கண்ணால் பார்த்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த மஞ்சள் பையை அவர் அப்படியே கவிழ்த்தார். ஆரஞ்சு நிற மருந்துக் குப்பிகள், சென்னையில் வாங்கிய மாத்திரை அட்டைகள், கால்சியம், ஒரு தைலப் புட்டி எல்லாம் உருண்டன. ஒவ்வொன்றாக எடுத்து 'இது எதற்கு அம்மா?' என்று கேட்டு எழுதிக்கொண்டே வந்தேன். ரோபினிரோல் என்ற குப்பியைக் காட்டியபோது, 'ராத்திரி காலை வைக்க முடியாது, துடித்துக்கொண்டே இருக்கும், அதற்குத்தான்' என்றார். இரவில் கால் அமைதியின்றித் துடிக்கும் தொந்தரவுக்கு அந்த மருந்து கொடுப்பது வழக்கம். ஆனால் அதே மருந்து பார்க்கின்சன் நோய்க்கும் உண்டு. அவரை மறுத்த நிறுவனம் பார்க்கின்சன் என்றே எடுத்துக்கொண்டிருந்தது. மருத்துவர் நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். வேறொரு நிறுவனம் மூன்று வாரத்தில் ஏற்றுக்கொண்டது.

அதனால் உங்கள் முதல் வேலையும் மேசையில்தான் தொடங்குகிறது. அப்பாவின் குப்பிகளை எல்லாம் எடுத்துவைத்து, மருந்து, எப்போது தொடங்கியது, எதற்கு, யார் எழுதியது, இப்போதும் சாப்பிடுகிறாரா என்று ஒரு தாளில் எழுதுங்கள். மருந்துக் கடை தானாகவே மறுபடி நிரப்பி அனுப்பிக்கொண்டிருக்கும் மாத்திரை ஏதாவது இருந்தால் அதைக் கட்டாயம் குறியுங்கள். அப்பா கபாபென்டினை நிறுத்தி ஆறு மாதம் ஆகியிருக்கலாம். கடை இன்னும் மாதாமாதம் நிரப்பினால், அவர் இன்றும் சாப்பிடுவதாகவே பதிவு சொல்லும்.

இரண்டாவது வேலை, அவர்கள் பார்த்த பட்டியலையே நீங்களும் கேட்டு வாங்குவது. மருந்து வரலாற்றைத் திரட்டிக் காப்பீட்டு நிறுவனங்களுக்கு விற்கும் அமைப்புகள் சில உண்டு. மில்லிமன் இன்டெலிஸ்கிரிப்ட் அதில் நன்கு தெரிந்த பெயர். கடன் மதிப்பெண் அறிக்கைகளுக்குப் பொருந்தும் அதே கூட்டாட்சிச் சட்டமே இவற்றையும் கட்டுப்படுத்துகிறது. எந்த அமைப்பின் அறிக்கையைப் பார்த்து மறுத்தார்கள் என்பதை மறுப்புக் கடிதம் சொல்லியாக வேண்டும். கடிதம் கிடைத்த 60 நாளுக்குள் கேட்டால் அறிக்கையின் நகல் இலவசம். தவறு இருந்தால் மறுப்புத் தெரிவிக்கலாம், பொதுவாக 30 நாளுக்குள் அவர்கள் விசாரித்துத் திருத்த வேண்டும். அப்பாவுக்குச் சம்பந்தமே இல்லாத மருந்து அதில் ஏறியிருந்தால், எந்த நிறுவனத்திடம் போனாலும் அது கூடவே வரும். களைய வேண்டிய இடம் அந்த அறிக்கைதான்.

மூன்றாவது, மருத்துவரின் பதிவு. அப்பாவின் மருத்துவமனை இணையக் கணக்கில் போய், கடைசி சில வருகைகளின் சுருக்கத்தைப் படியுங்கள். ஒவ்வொரு நோய்க்கும் ஒரு குறியீடு இருக்கும். E11.9 என்றால் சிக்கல் இல்லாத இரண்டாம் வகைச் சர்க்கரை. E11.42 என்றால் சர்க்கரையால் வந்த நரம்பு பாதிப்பு. இந்தக் குறியீட்டு முறையில், சர்க்கரையும் நரம்பு பாதிப்பும் ஒரே பதிவில் இருந்தால், 'சம்பந்தமில்லை' என்று மருத்துவர் தெளிவாக எழுதாதவரை இரண்டையும் முடிச்சுப்போடுவதே மரபு. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அட்வாண்டேஜ் திட்டங்களுக்கு அரசு தரும் தொகை, உறுப்பினரின் நோய்க் குறியீடுகளைப் பொறுத்து ஏறும். அந்தத் திட்டத்தின் சார்பில் வீட்டுக்கே ஒரு செவிலியர் வந்து, அப்பாவிடம் ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போயிருந்தால், அந்த வருகையில் என்னென்ன நோய்கள் பதிவாயின என்று கேட்டுப் பாருங்கள். 'எப்போதாவது கால் மரத்துப்போகும்' என்று அப்பா பேச்சுவாக்கில் சொன்னது ஒரு நோயாகப் பதிந்திருக்கலாம்.

இதையெல்லாம் கையில் வைத்துக்கொண்டு மருத்துவரிடம் கடிதம் கேளுங்கள். 'நோயாளி நலமாக இருக்கிறார்' என்ற பொதுக் கடிதத்தால் ஒரு பயனும் இல்லை. கடிதம் கேள்விக்குப் பதிலாக இருக்க வேண்டும்: கபாபென்டின் இந்த மாதத்திலிருந்து இந்த மாதம்வரை, அக்கிக்குப் பிந்திய நரம்பு வலிக்காகக் கொடுக்கப்பட்டது, நிறுத்தப்பட்டுவிட்டது. இந்தத் தேதியில் செய்த பாதப் பரிசோதனை இயல்பாக இருந்தது, சர்க்கரையால் நரம்பு பாதிப்பு இல்லை. ஃபியூரோசமைடு கணுக்கால் வீக்கத்துக்காகக் கொடுக்கப்பட்டது, எக்கோ (இதய ஸ்கேன்) பரிசோதனை இயல்பு, இதயச் செயலிழப்பு இல்லை. கூடவே கடைசி மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி. இவ்வளவும் அரைப் பக்கத்தில் அடங்கும். எக்கோ செய்யவே இல்லையென்றால், அது தேவையா என்று மருத்துவர் முடிவு செய்யட்டும். விண்ணப்பத்துக்கு முன்பே அந்தக் கேள்வி தீர்ந்துவிடுவது நல்லது. நிலுவையில் இருக்கும் பரிசோதனையோ அறுவைச் சிகிச்சையோ பல நிறுவனங்களில் தனி மறுப்புக் காரணம். 'முட்டிக்கு அறுவைச் சிகிச்சை யோசிக்கலாம்' என்று மருத்துவர் எழுதிவைத்த ஒரு வரிக்காக மறுக்கப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். செய்ய வேண்டியதைச் செய்து முடித்து, ஆறிய பிறகு விண்ணப்பியுங்கள்.

இங்கே உங்களிடம் மன்றாடிக் கேட்பது இரண்டு. காப்பீட்டுக்காக எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அம்லோடிபினை மாற்றினால் வீக்கம் போய், நீர் மாத்திரையும் தேவைப்படாமல் போகலாம், ஆனால் அது மருத்துவர் பார்த்துச் செய்ய வேண்டிய மாற்றம். நிறுத்தினாலும் பழைய பதிவு உடனே மறைந்துவிடாது. பெரும்பாலான கேள்விகள் கடந்த 2 ஆண்டுகளைப் பற்றியவை, சில நோய்களுக்கு அதைவிட நீண்ட காலமும் கேட்பார்கள்.

இரண்டாவது, எதையும் மறைக்காதீர்கள். நம் குடும்பங்களில் இந்த ஆசை வரும் வழி எனக்குத் தெரியும். ஊருக்குப் போகும்போது ஆறு மாத மாத்திரையை வாங்கிவருகிறோம், மதுரையிலோ சென்னையிலோ ஸ்டென்ட் வைத்துக்கொண்டோம், அது இங்குள்ள எந்தக் கணினியிலும் இல்லையே என்று தோன்றும். விண்ணப்பம் கேட்பது 'அமெரிக்காவில் என்ன சிகிச்சை' என்றல்ல. எங்கே செய்திருந்தாலும் அது சிகிச்சைதான். பாலிசி தொடங்கி முதல் 2 ஆண்டுகளுக்குள் பெரிய செலவு வந்தால், நிறுவனம் பழைய மருத்துவக் குறிப்புகளைத் தோண்டிப் பார்க்கலாம். 'சென்னையில் ஸ்டென்ட்' என்று இங்குள்ள மருத்துவரிடம் அப்பா என்றோ சொன்னது அதில் இருக்கும். அந்த நேரத்தில் பாலிசியையே ரத்து செய்தால், மருத்துவமனைக் கட்டிலில் படுத்துக்கொண்டு மெடிகேப் இல்லாதவராக ஆகிவிடுவார். ஓர் ஏஜெண்ட் 'அதைச் சொல்ல வேண்டாம்' என்று சொன்னால், அந்த நிமிடமே அவரை விட்டு விலகுங்கள்.

ஏஜெண்ட் என்ற பேச்சு வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். ஒரே நிறுவனத்துக்காக விற்பவரிடம் போகாதீர்கள், பல நிறுவனங்களின் பாலிசிகளை விற்கும் சுயேச்சையான ஏஜெண்டிடம் போங்கள். யாரை ஏற்பது, யாரை மறுப்பது என்று முடிவு செய்ய ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி அண்டர்ரைட்டிங் கையேடு உண்டு. எந்த மருந்து கூடாது, எந்த மருந்தோடு எந்த நோய் சேரக் கூடாது, உயரத்துக்கு எடை எவ்வளவு வரை என்பதெல்லாம் அதில் இருக்கும். ஒரு நிறுவனம் சர்க்கரையோடு இரண்டு ரத்த அழுத்த மாத்திரைகளை ஏற்கும், மூன்றாவது வந்தால் மறுக்கும். இன்னொன்று அதைப் பொருட்படுத்தாது. உங்கள் தாளைக் கொடுத்து, 'விண்ணப்பிக்கும் முன் கையேடுகளில் பார்த்துச் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். நல்ல ஏஜெண்ட் அரை நாளில் சொல்லிவிடுவார்.

நிறுவனம் மாறினால் சலுகை குறையுமோ என்ற பயம் வேண்டாம். 1990-இல் இயற்றப்பட்ட சட்டத்தால் மெடிகேப் திட்டங்கள் எழுத்து வாரியாக ஒரே சீராக்கப்பட்டுவிட்டன. டெக்சாஸில் யாரிடம் வாங்கினாலும் பிளான் ஜியின் அடிப்படைச் சலுகைகள் ஒன்றே. மாறுவது பிரீமியமும், அது ஆண்டுதோறும் ஏறும் வேகமும். ஊருக்குப் போகும் பெற்றோருக்கு பிளான் ஜியில் ஒரு சிறு பயனும் உண்டு: வெளிநாட்டுப் பயணத்தின் முதல் 60 நாளுக்குள் வரும் அவசரச் சிகிச்சைக்கு, 250 டாலர் கழித்து 80 சதவீதம், வாழ்நாளில் 50,000 டாலர் வரை தரும். அசல் மெடிகேர் இந்தியாவில் ஒரு டாலர்கூடத் தராது.

விண்ணப்பத்துக்குப் பிறகு பெரும்பாலும் ஒரு தொலைபேசிப் பேட்டி இருக்கும். அப்பா பேசும்போது பக்கத்தில் உட்காருங்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று முன்பே கேளுங்கள். நம் பெரியவர்களுக்கு, கேட்டதற்கு மேல் கதையாகச் சொல்லும் வழக்கம் உண்டு. 'நெஞ்சு ஒரு மாதிரி இருக்கும், வாயுதான், பெருங்காயம் போட்டு மோர் குடித்தால் சரியாகிவிடும்' என்று சொன்னால், எதிரே இருப்பவர் 'நெஞ்சு வலி' என்று மட்டுமே எழுதிக்கொள்வார். கேட்ட கேள்விக்கு, தாளைப் பார்த்து, உண்மையான, நேரான பதில் போதும்.

இனி ஓர் எச்சரிக்கை. புதிய பாலிசி ஏற்கப்பட்டதாக எழுத்தில் வரும்வரை அட்வாண்டேஜ் திட்டத்தை விட்டு வெளியேறாதீர்கள். அசல் மெடிகேரில், மருத்துவர், பரிசோதனை போன்றவற்றுக்கான பார்ட் பி செலவில் 20 சதவீதம் உங்கள் தலையில், அதற்கு உச்சவரம்பே கிடையாது. அட்வாண்டேஜில் குறைகள் இருந்தாலும் ஆண்டுச் செலவுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. 2025-இல் திட்டத்தின் பட்டியலில் உள்ள மருத்துவர்களிடம் அது 9,350 டாலருக்கு மேல் போக முடியாது என்று இருந்தது. வெளியேறவும் காலம் இருக்கிறது: அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரை, அல்லது ஜனவரி 1 முதல் மார்ச் 31 வரை. ஆகவே செப்டம்பருக்குள் கடிதத்தைத் தயார் செய்து, அக்டோபரில் மெடிகேப்புக்கு விண்ணப்பித்து, ஜனவரி 1-இல் தொடங்கும்படி ஏற்பு வாங்கி, அதன்பிறகு தனி பார்ட் டி மருந்துத் திட்டத்தில் சேருங்கள். அதில் சேர்ந்தவுடன் வழக்கமான அட்வாண்டேஜ் திட்டத்திலிருந்து தானாகவே விலகியதாக ஆகிவிடும். பார்ட் டியில் உடல்நலக் கேள்வி எதுவும் இல்லை. மெடிகேப் கிடைக்கவில்லையென்றால் அப்பா இருக்கும் இடத்திலேயே இருப்பார், எதையும் இழக்கமாட்டார். அல்லது அதே அக்டோபர்-டிசம்பர் காலத்தில், அந்த மருத்துவரை ஏற்கும் வேறு அட்வாண்டேஜ் திட்டத்துக்கு மாறலாம். அங்கேயும் உடல்நலக் கேள்வி கிடையாது.

கேள்வியே இல்லாத கதவுகள் சிலவும் உண்டு, அவற்றில் ஒன்று உங்களுக்குத் திறக்கலாம். அப்பாவின் அட்வாண்டேஜ் திட்டம் அடுத்த ஆண்டு உங்கள் கவுண்டியில் நிறுத்தப்பட்டால், அக்டோபர் தொடக்கத்தில் கடிதம் வரும். அதைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். திட்டம் முடிவதற்கு 60 நாள் முன்பிலிருந்து முடிந்த 63 நாள்வரை, எந்த நிறுவனமும் தான் விற்கும் பிளான் ஜியை அப்பாவுக்கு மறுக்க முடியாது, நோயைக் காட்டி விலையை ஏற்றவும் முடியாது. அந்தத் திட்டம் இல்லாத ஊருக்கு அவர் உண்மையிலேயே குடிபெயர்ந்தாலும் இதே உரிமை உண்டு. நியூயார்க்கிலும் கனெக்டிகட்டிலும் ஆண்டு முழுவதும் உடல்நலக் கேள்வியின்றி மெடிகேப் வாங்கலாம், விலைதான் சற்று அதிகம். அங்கே வேறொரு மகனோ மகளோ இருந்து, அப்பா நிரந்தரமாக அவர்களோடு தங்கப்போகிறார் என்றால் இதையும் கணக்கில் எடுங்கள். கலிஃபோர்னியா, ஓரிகன் போன்ற மாநிலங்களில் உள்ள பிறந்தநாள் விதி, ஏற்கெனவே மெடிகேப் வைத்திருப்பவர்கள் பிறந்தநாளை ஒட்டி வேறு பாலிசிக்கு மாறிக்கொள்வதற்கானது. அப்பாவுக்கு அது பொருந்தாது.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று சொல்லாமல் விட முடியவில்லை. கிரீன் கார்டில் வந்த பெற்றோர், 65 வயதைக் கடந்து, 5 ஆண்டுகள் தொடர்ந்து இங்கே வசித்த பிறகு மெடிகேரை விலைகொடுத்து வாங்கலாம். அமெரிக்காவில் வரி கட்டி வேலை செய்த 40 காலாண்டு (10 ஆண்டு) கணக்கு இல்லாதவர்களில் பெரும்பாலோருக்கு 2025-இல், மருத்துவமனைச் செலவுக்கான பார்ட் ஏ மாதம் 518 டாலராகவும், பார்ட் பி 185 டாலராகவும் இருந்தன. 65 வயதுக்குப் பிறகு பார்ட் பி தொடங்கும் மாதத்திலிருந்து 6 மாதம், எந்த நோய் இருந்தாலும் மெடிகேப்பை மறுக்க முடியாது. அம்மாவுக்கு 72 வயது, பைபாஸ் நடந்திருக்கிறது, இன்சுலின் போடுகிறார் என்றாலும் அந்த 6 மாதத்தில் கேள்வி இல்லை. பழைய நோய்க்குச் சில மாதக் காத்திருப்பு வைக்கலாம், அவ்வளவுதான். அந்த 6 மாதம் வாழ்க்கையில் பொதுவாக ஒரு முறைதான் வருகிறது. அது இருப்பதே தெரியாமல், பிரீமியம் இல்லாத அட்வாண்டேஜ் விளம்பரத்தைப் பார்த்துக் கையெழுத்திட்டவர்களைச் சந்திக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. 65 வயதில் அல்லது பார்ட் ஏ-க்குத் தகுதி வந்தவுடன் முதன்முதலாக அட்வாண்டேஜில் சேர்ந்து ஓராண்டு ஆகாதவர்களுக்கு, திரும்பிவந்து மெடிகேப் வாங்கும் உரிமை இன்னும் இருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு அந்த ஓராண்டு கடந்துவிட்டது.

ஒருவேளை மருத்துவரைக் கேட்டபோது அப்பாவுக்கு உண்மையிலேயே சர்க்கரையால் நரம்பு பாதிப்பு இருக்கிறது என்று தெரிந்தால், கடிதம் கேட்காதீர்கள். அதையும் ஏற்கும் நிறுவனம் ஏதாவது உண்டா என்று ஏஜெண்ட் பார்க்கட்டும். இல்லையென்றால் அந்த மருத்துவரை ஏற்கும் பிபிஓ வகை (பட்டியலுக்கு வெளியே உள்ள மருத்துவர்களிடமும் போகவிடும்) அட்வாண்டேஜ் திட்டத்தை அக்டோபரில் தேடுங்கள். ஒவ்வொரு மாநிலத்திலும் ஷிப் என்ற இலவச மெடிகேர் ஆலோசனைச் சேவை இருக்கிறது. அவர்கள் எதையும் விற்பவர்கள் அல்லர். திட்டங்களை ஒப்பிட உட்கார்ந்து உதவுவார்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது சிறியது. மறுப்புக் கடிதத்தின் தேதியைப் பார்த்து, 60-ஆவது நாளை நாட்காட்டியில் குறியுங்கள். கடிதத்தில் பெயர் குறிப்பிட்டுள்ள அமைப்பிடம் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். அது வந்தபின், அதில் உள்ள மருந்துகளையும் அப்பா சொல்லும் காரணங்களையும் இங்கே எழுதுங்கள், மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்பதைச் சேர்ந்தே வரைந்துவிடலாம்.